கொன்றை மாலையா, மணிமுடியா? கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசர் சிற்பம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் வடக்கு வாசல் படிகளை ஒட்டி ஒரு மாடச் சிற்பம் இருக்கிறது. சிவன் அமர்ந்திருக்கிறார், பக்கத்தில் உமை. பின் கைகள் இரண்டிலும் மழுவும் மானும். காலடியில் ஒருவர் கைகூப்பி, தலையைச் சற்றே தாழ்த்தி மண்டியிட்டிருக்கிறார். சிவனின் முன் கைகள் இரண்டும் அவர் தலையில் ஒரு பூமாலையைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சிற்ப நூல்கள் இதைச் சண்டேச அனுக்கிரக மூர்த்தி, அதாவது அடியாரான சண்டேசருக்கு அருளும் சிவன், என்கின்றன. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் வேறு. “கீழே இருப்பது ராஜேந்திர சோழன். கங்கை வரை வென்று வந்தவனுக்குச் சிவபெருமானே முடிசூட்டுகிறார்” என்பார்கள். கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது. அது உண்மைதானா, எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப் போகிறோம். ஒரு சிற்பத்துக்கு என்ன பொருள் என்று கேட்டால், சிற்பத்தோடு அது நிற்கும் இடத்தையும், அந்தக் காலத்துக் கல்வெட்டுகளையும், அந்தக் கதையின் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்லில் இருப்பது

முதலில் மாலையைப் பார்க்கலாம். பூவால் கட்டிய கனமான சரம் அது. ஒரு கை மாலையைப் பிடித்திருக்க, மற்றொரு கை அதைத் தலையைச் சுற்றிக் கொண்டுபோகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் சின்னப் பையனுக்குத் தலைப்பாகை கட்டிவிடுவது போன்ற அக்கறை அந்த விரல்களில் தெரிகிறது. மாலை இன்னும் முழுதாகக் கட்டி முடியவில்லை. சிற்பி தேர்ந்தெடுத்தது சூட்டி முடித்த நிலையை அல்ல, சூட்டிக்கொண்டிருக்கும் கணத்தை. அதனால்தான் பார்ப்பவர் கண் சிவன் முகத்துக்கும் போகாமல், சண்டேசர் முகத்துக்கும் போகாமல், முதலில் அந்தக் கைகளில் போய் நிற்கிறது.

அடுத்து, இந்த மாடத்தின் பக்கச் சுவர்களைக் கவனிக்க வேண்டும். அவசரமாகப் போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். அங்கே சின்னச் சின்ன உருவங்களில் முழுக்கதையும் இருக்கிறது. பசுக்கள் இருக்கின்றன, பூசை இருக்கிறது, தகப்பனும் மழுவும் இருக்கின்றன. ஒரு கொடூரமான சம்பவம் விரல் அளவு உருவங்களாக ஓரத்துக்குப் போயிருக்கிறது. அதன் முடிவில் வந்த அருள் மட்டும் பெரிதாக நடுவில் இருக்கிறது. இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஆய்வின் அச்சாணியே இதுதான்.

கதை

மண்ணியாற்றங்கரையில் உள்ள சேய்ஞலூர். இன்று திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் சேங்கனூர் என்று அழைக்கப்படும் ஊர். அங்கே எச்சதத்தன் என்ற அந்தணரின் மகன் விசாரசருமர். மாடு மேய்ப்பவன் ஒரு பசுவை அடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், ஊர்ப் பசுக்களை மேய்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறார். பசுக்கள் தாமாகப் பால் சொரிகின்றன. ஆற்று மணலைக் குவித்து லிங்கமாக்கி, ஆத்தி மரத்தடியில் வைத்து, அந்தப் பாலால் திருமஞ்சனம் செய்கிறார். பால் வீணாகிறது என்று ஊரார் முறையிட, தகப்பன் வருகிறார், மகனை அடிக்கிறார், பூசையில் மூழ்கியவருக்கு அடி உறைக்கவில்லை. கடைசியில் தகப்பன் பால் குடத்தைக் காலால் இடறிச் சிந்துகிறார். மகன் பக்கத்தில் கிடந்த கோலை எடுக்கிறார். அது மழுவாகிறது. தகப்பனின் இரு கால்களும் வெட்டுப்படுகின்றன.

சிவன் உமையோடு தோன்றி அவரை எடுத்து அணைத்து, “அடுத்த தாதை இனி உனக்கு நாம்” என்கிறார். தாம் உண்டது, உடுத்தது, சூடியது எல்லாம் இனி உனக்கு என்று சொல்லி, தொண்டர்களுக்குத் தலைவனாக்கி, தம் சடையிலிருந்த கொன்றை மாலையை எடுத்துச் சூட்டுகிறார். சண்டீசன் என்பது பதவியின் பெயர்.

இந்த வரிசையில் கதையை விரிவாகச் சொல்வது சேக்கிழாரின் பெரிய புராணம். அது 12ஆம் நூற்றாண்டு நூல். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தது. சிற்பமோ 11ஆம் நூற்றாண்டின் முதற் பாதியைச் சேர்ந்தது. ஆகவே சேக்கிழாரைப் படித்துவிட்டு யாரும் இதைச் செதுக்கவில்லை. கல்லில் இந்தக் காட்சி வந்து சுமார் நூறு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பாட்டு வந்தது. ஆனால் கதை அதற்கும் பழையது. தேவாரத்திலேயே சண்டி என்ற பெயரில் சண்டேசர் வருகிறார். சேந்தனாரின் திருப்பல்லாண்டு இந்தச் சம்பவத்தைச் சொல்லி, ‘பாதகத்துக்குப் பரிசு வைத்தானுக்கே பல்லாண்டு கூறுதுமே’ என்று முடிக்கிறது. தகப்பன் காலை வெட்டியது பாதகம் என்பதை அந்தப் பாட்டு மறைக்கவே இல்லை. பாதகம் என்று சொல்லிவிட்டுத்தான் பரிசைப் பாடுகிறது.

முடிசூட்டு விழா என்ற விளக்கம்

ராஜேந்திரன் 1012இல் தந்தையோடு இணையரசனாகி, 1014 முதல் 1044 வரை ஆண்டவன். கங்கைப் படையெடுப்பு 1022, 1023 வாக்கில் நடந்தது. வென்ற நாடுகளிலிருந்து கங்கை நீர் வந்தது. அதைக் கொண்டு சோழகங்கம் என்ற பேரேரி உருவானது. அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது. கல்லில் தூண் நடுகிற அரசர்கள் உண்டு. ஏரியையே தூணாக நட்ட அரசன் இவன். இப்படிப்பட்ட கற்பனை உள்ள ஒரு அரசவை, சண்டேசர் கதைக்குள் தன் அரசனை மறைத்து வைத்திருக்காதா என்று கேட்பது நியாயமான கேள்விதான். கலை வரலாற்றறிஞர் சி. சிவராமமூர்த்தி இந்தச் சிற்பத்தில் அப்படி ஒரு குறிப்பு இருப்பதாகக் கருதினார். அவர் சொன்னது குறிப்பு என்ற அளவில்தான். அது வாய்வழியாகப் பரவப் பரவ, ‘குறிப்பு’ உதிர்ந்துபோய், கீழே இருப்பது ராஜேந்திரனேதான் என்று ஆகிவிட்டது.

இதற்கு எதிராக மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

கோயிலில் அப்படிச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. தஞ்சாவூரில் ராஜராஜன் செம்புத் திருமேனிகளை அளந்து, கொடுத்தவர் பெயரோடு சுவரில் எழுதிவைத்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் அப்படி ராஜேந்திரன் எழுதிவைத்தது இல்லை. அங்கே இருப்பதில் பழைய பெரிய கல்வெட்டே அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்தது.

அடுத்து, இந்தக் காட்சி ராஜேந்திரனுக்காகப் புதிதாகப் பிறந்ததும் அல்ல. காஞ்சி கைலாசநாதர் கோயிலில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சண்டேசருக்கு அருளும் சிவன் இருக்கிறார். அதைவிட முக்கியமான சாட்சி தஞ்சாவூர்க் கல்வெட்டில் கிடைக்கிறது. ராஜராஜன் காலத்தில் அங்கே வைக்கப்பட்ட செம்புத் திருமேனிகளில் சண்டேசப் பிரசாத தேவர் என்று ஒரு தொகுதி உண்டு. நான்கு கை உள்ள சிவன், உமை, சண்டேசர், தரையில் விழுந்து கிடக்கும் தகப்பன், பிரசாதமாகக் கொடுக்கும் பூமாலை என்று அதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டுள்ளது. மாலையைத் தனி உருப்படியாகக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்! மகன் காலத்துச் சிற்பி எதைப் பெரிதாக்கினாரோ, அது தந்தை காலத்திலேயே முக்கியமாக இருந்திருக்கிறது.

இன்னொன்று, இதே கோயிலின் மண்டப உட்சுவரில் அருள் பெற்றவர்களின் கதைகள் சிறு சிற்பங்களாக வருகின்றன. ராவணன், மார்க்கண்டேயன், அவர்களோடு சண்டேசரும். வாசலில் உள்ள சண்டேசர் ராஜேந்திரன் என்றால், உள்ளே இருப்பவர் யார்? ராவணனும் அவன்தானா?

ஆக, நேரடி உருவப்படம் என்ற வாதம் நிற்காது. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. முடிசூட்டல் என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதரவு எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது.

சேய்ஞலூரின் பெருமையைச் சொல்லும்போது சேக்கிழார் ஒரு தகவல் தருகிறார். சோழர் மரபினர் முடிசூட்டிக்கொள்ளும் ஐந்து ஊர்களில் அதுவும் ஒன்றாம். அதாவது சண்டேசர் பிறந்த ஊரே சோழர்கள் முடிசூடும் ஊர். இன்னும் ஒன்று. விசாரசருமர் லிங்கத்தை வைத்து வழிபட்டது ஆத்தி மரத்தடியில். சோழர்களின் குலப்பூ ஆத்தி. போரில் சேரர் பனம்பூவும் பாண்டியர் வேம்பும் சூடியது போல இவர்கள் ஆத்தி சூடினார்கள். மூன்றாவதாக, ராஜராஜனுக்குச் சிவபாதசேகரன் என்றும், ராஜேந்திரனுக்குச் சிவசரணசேகரன் என்றும் பட்டங்கள் உண்டு. இரண்டுமே சிவன் திருவடியைத் தலையில் சூடியவன் என்ற பொருளில் வருபவை. தலையில் எதைச் சூடுகிறோம் என்பதில் இந்த அரசர்களுக்கு ஆழ்ந்த கவனம் இருந்திருக்கிறது.

சேக்கிழாரின் தகவல் சிற்பத்துக்கு நூறாண்டு பிந்தியது என்பதை மறக்கக் கூடாது. அதை வைத்துச் சிற்பம் செதுக்கிய காலத்து எண்ணத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் சோழ அரசவையின் நினைவில் சண்டேசரும் முடியும் ஒன்றாக இருந்தார்கள் என்பதற்கு இது போதும். கீழே இருப்பது ராஜேந்திரன் அல்ல, சண்டேசரேதான். ஆனால் அந்தச் சண்டேசர் ராஜேந்திரனுக்கு வேண்டியவர்.

சண்டேசர் என்ன வேலை பார்த்தார்?

எனக்கு இந்தச் சிற்பத்தில் மிகவும் பிடித்த பகுதிக்கு இப்போது வருகிறேன். சிற்ப விளக்கங்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் சண்டேசர் புராணத்தில் மட்டும் வாழவில்லை என்பது தெரியும். கோயிலின் பெயரில் நிலம் வாங்குவது, விற்பது, பணம் கொடுப்பது எல்லாம் ஆதிசண்டேசுவரர் பெயரில் நடக்கிறது. கோயில் நிலத்தை விற்றால் அதற்குச் சண்டேசுவரப் பெருவிலை என்று பெயர். கோயில் ஆணைகள் ‘சண்டேசுவரன் ஓலை’ என்று போகின்றன. தஞ்சாவூரில் கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் வட்டிக்கு வாங்குகின்றன. கடன் கொடுத்தவர் சண்டேசுவர தேவர். வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்தக் கல்வெட்டுகளில் அவருக்கு ஆதிதாசர் என்ற அடைமொழியும் உண்டு, முதல் அடியார் என்ற பொருளில். சட்டத்தின் பார்வையில் சிவனே உரிமையாளர், சண்டேசர் அவருடைய நிர்வாகி.

‘சிவன் சொத்து குல நாசம்’ என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொத்துக்குக் காவல் இவர்தான். இன்றைக்கும் சிவன் கோயிலில் சுற்றிவரும்போது கடைசியாகச் சண்டேசர் சன்னதிக்கு முன் கையைத் தட்டிக் காட்டிவிட்டு வருகிறோம். அவருக்குக் காது கேட்காது, அதனால் தட்ட வேண்டும் என்பார்கள் சிலர். தியானத்தில் இருக்கிறார், எழுப்பக் கூடாது, மெல்லத் தட்டினால் போதும் என்பார்கள் சிலர். உடுத்திய துணியிலிருந்து ஒரு நூலைப் பிய்த்துப் போடுவதும் உண்டு. கோயிலிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று கையை விரித்துக் காட்டுவதாகச் சொல்லும் விளக்கம்தான் கல்வெட்டுகளோடு ஒத்துப்போகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் நிலப்பத்திரத்தில் இருந்த அதிகாரம், இன்று நம் உள்ளங்கையில் மிச்சமிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு சிற்பத்துக்குத் திரும்பினால் காட்சியே மாறிவிடுகிறது. பக்தன் ஒருவனுக்குக் கடவுள் அன்பாக மாலை போடும் காட்சி மட்டுமல்ல இது. ஒரு பதவி ஏற்பு இங்கே நடக்கிறது. சிவனுடைய உடைமைக்கெல்லாம் பொறுப்பாளர் நியமிக்கப்படுகிறார். அதற்கு அடையாளம், சிவன் சூடிக் கழித்த மாலை. புது மாலை கிடையாது. இறைவன் மேனியில் பட்ட பூவை நிர்மாலியம் என்போம். அதைப் பெறும் உரிமை சண்டேசருக்கு மட்டுமே. அரசர்கள் பொன் முடி சூடும்போது, சண்டேசர் இன்னொருவர் சூடியதைச் சூடுகிறார். அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது அதிகாரத்தின் சின்னத்திலேயே இருக்கிறது.

ஏன் வடக்குப் பக்கம்?

சிவன் கோயிலில் அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகி வடக்குப் பக்கம் இருக்கும். அதன் அருகே தெற்கு நோக்கிச் சண்டேசர் சன்னதி இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்திலும் வடக்கே அவருக்குத் தனிச் சன்னதி இருக்கிறது, கோயிலின் காலத்தையே சேர்ந்தது. நமது சிற்பமும் அதே வடபுறத்தில், வாசல் படியை ஒட்டி, நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

ஆக, ஒருவர் படியருகே நின்று சிற்பத்தில் நியமனத்தைப் பார்க்கிறார். கொஞ்ச தூரம் நடந்து, அந்தப் பதவியில் உட்கார்ந்திருப்பவரைச் சன்னதியில் பார்க்கிறார். கோயில் கணக்கு வழக்குகள் யார் பெயரில் நடந்தனவோ அவருடைய நியமன ஆணை கல்லில், அவருடைய அலுவலக வாசலில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றே சொல்லலாம். வேறு சுவரில் இருந்திருந்தால் இந்தச் சிற்பத்தின் பொருளில் பாதி போயிருக்கும். அருங்காட்சியகத்துக்குப் போன சிற்பங்களில் நாம் இழப்பது இதைத்தான். உருவம் முழுசாக இருக்கும், அக்கம்பக்கம் இருக்காது.

அதே வாசலின் மறுபக்கத்தில் சரஸ்வதி இருக்கிறாள். அமர்ந்த கோலம், அமைதியான முகம், சோழர் கலையில் மிக அழகான கலைமகள்களில் ஒருத்தி. அவளையும் சண்டேசரையும் ஒரே வாசலின் இரு பக்கங்களில் வைத்ததற்கு என்ன காரணம் என்று பல விளக்கங்கள் சொல்லலாம். ஆதாரம் இல்லாமல் அதற்குள் போக வேண்டாம்.

இந்த இடத்தில் இன்னொரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்கள் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்து எடுத்துப் போகப்பட்டன. சுற்றியிருந்த மாளிகைகள் போய், மாளிகைமேடு என்ற பெயரும் அகழாய்வில் கிடைத்த செங்கல் சுவர்களும்தான் மிச்சம். சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர் அது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் தஞ்சாவூரோடு தாராசுரமும் இதுவும் சேர்க்கப்பட்டன. சண்டேசர் சிற்பம் அந்த வடக்கு வாசலிலேயே தப்பிப் பிழைத்தது என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

தகப்பனும் மகனும்

கடைசியாக ஒரு விளக்கத்தைச் சந்திக்க வேண்டும். இணையத்தில் இது அதிகம் சுற்றுகிறது. சண்டேசர் தகப்பனைத் தண்டித்தவர், ராஜேந்திரனோ தகப்பனின் தலைநகரான தஞ்சாவூரை விட்டு வந்தவன், ஆகவே இந்தச் சிற்பம் ராஜராஜனை மீறியதன் ரகசிய அறிக்கை என்கிறார்கள். படிக்கச் சுவாரசியமாக இருக்கும். ஆனால் நிற்காது.

சண்டேசப் பிரசாத தேவரைத் தகப்பனோடு சேர்த்துச் செம்பில் வைக்க இடம் கொடுத்ததே ராஜராஜன் காலத்துக் கோயில். அவனுக்கே இந்தக் கதையில் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. மகன் கட்டிய விமானமும் தந்தையுடையதைவிட உயரம் குறைவு. தஞ்சையில் 13 நிலை, இங்கே 9. தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் நிமிர்ந்து ஏறுகிறது, இது உள்வளைந்து நளினமாக ஏறுகிறது. உயரத்தில் மிஞ்ச வசதி இருந்தும் மிஞ்சவில்லை. பகை கொண்டவன் செய்கிற வேலை இதுவல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கச் சுவரைப் பாருங்கள். தகப்பனை வெட்டும் காட்சியைப் பெரிதாக்கியிருக்கலாம். அதில் வேகம் உண்டு, நாடகம் உண்டு, சிற்பிக்குத் திறமை காட்ட இடம் உண்டு. மகிடனையும் அந்தகனையும் வதைக்கும் காட்சிகளைப் பெரிதாகச் செதுக்கிய மரபு அது. அப்படியிருந்தும் இந்தச் சிற்பி அந்த வெட்டைச் சின்ன உருவத்தில் ஓரமாகச் செதுக்கிவிட்டு, பெரிய கல்லை மாலைக்கு ஒதுக்கினார். எச்சதத்தன் இல்லாமல் கதை இல்லை, அதனால் அவர் இருக்கிறார். ஆனால் தண்டனையை நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சேந்தனார் பாதகத்தையும் பரிசையும் ஒரே அடியில் வைத்தார். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பி அதே இரண்டையும் ஒரே மாடத்தில் வைத்து, ஒன்றை விரல் அளவிலும் மற்றதைப் பெரிய உருவத்திலும் செய்தார். ராஜேந்திரனுக்கு இதில் பங்கு உண்டு என்றால் அது இந்த அளவுத் தேர்வில்தான். படை நடத்தி, நாடு வென்று, எத்தனையோ தலைகளைச் சாய்த்து வந்த அரசன் ஒருவன், தன் கோயிலின் வாசலில், வன்முறைக்குப் பின்னும் அருளும் பொறுப்பும் கிடைத்த ஒருவரின் கதையைப் பெரிதாக வைக்க விரும்பியிருக்கிறான். சண்டேசர் முகத்தில் அவன் சாயல் இருக்கிறதா என்று தேடுவதைவிட, அவரை அங்கே வைத்தவன் எதை வேண்டினான் என்று யோசிப்பது இந்தச் சிற்பத்துக்கு நாம் செய்யும் கூடுதல் மரியாதை என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு உதவும் தடயங்கள் சிற்பத்தில் மட்டும் இல்லை, வடக்குப் பக்கத்துச் சன்னதியிலும் தஞ்சாவூர் வட்டிக் கணக்கிலும் சேய்ஞலூர் ஆத்தியிலும் சிதறிக் கிடக்கின்றன.